நகையை வைத்து நாவல் போடலாமா?

கேள்வி: அக்கா, எனக்குச் சென்னிமலைப் பக்கம். ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதுகிறேன். நொய்யல் ஆற்றுத் தண்ணீர் சாயக்கழிவால் கெட்டுப்போன காலத்தில் எங்கள் பகுதிக் குடியானவக் குடும்பம் ஒன்று என்ன ஆனது என்பதை நாவலாக எழுதி முடித்துவிட்டேன். 64,000 சொற்கள் வந்திருக்கிறது. ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது, பதிலே இல்லை. இன்னொருவர் இரண்டே நாளில் கூப்பிட்டு, ‘அருமையாக இருக்கிறது, கூட்டு வெளியீடாகப் போடலாம், 75,000 ரூபாய் கட்டுங்கள். 300 பிரதி அடிப்போம், 50 உங்களுக்கு. மீதியை நாங்கள் விற்று 10 சதவீதம் ராயல்டி தருவோம்’ என்கிறார். விலை 320 ரூபாயாம். சங்கிலியை வைத்தால் பணம் புரட்டிவிடலாம். மில்லில் இருக்கும் தம்பி அமேசான் கிண்டிலில் மின்னூலாகப் போடச் சொல்கிறான். சித்தி மகள் பிரதிலிபி என்கிற கதைச் செயலியில் தொடராக எழுதச் சொல்கிறாள். நாமே அச்சடித்து ஈரோடு புத்தகத் திருவிழாவில் விற்றால் என்ன என்றும் தோன்றுகிறது. பேச்செல்லாம் நம்ம ஊர்ப் பேச்சாக இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது என்று வேறு சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்? முதல் அத்தியாயமும் கதைச் சுருக்கமும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள அம்மணிக்கு,

சங்கிலியை வைக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர், அதனால் கணக்காகவே பார்த்துவிடலாம். 75,000 கட்டுகிறீர்கள். கைக்கு வருவது 50 பிரதி. ஒரு பிரதிகூடச் சும்மா கொடுக்காமல் அத்தனையையும் முழு விலைக்கு விற்றாலும் 16,000 ரூபாய். ஒறம்பரைக்கும் கூட வேலை செய்கிறவர்களுக்கும் கொடுத்தது போக எத்தனை மிஞ்சும் என்பது உங்களுக்கே தெரியும். மீதி 250 பிரதி அவர்களிடம். அதுவும் முழுக்க விற்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 250 பிரதி, தலைக்கு 320, மொத்தம் 80,000. அதில் 10 சதவீதம் 8,000. ஆக எல்லாமே நல்லபடியாக நடந்தால் உங்களுக்குத் திரும்புவது 24,000. கையைவிட்டுப் போவது 51,000, அதற்கு மேல் அடகுக்கடை வட்டி. அந்தப் பக்கம், கடைக்காரருக்குக் கழிவாக 35 சதவீதம் விட்டால்கூட 80,000-இல் 52,000 அவர்கள் பெட்டிக்கு வருகிறது. உங்கள் ராயல்டியைக் கொடுத்த பிறகும் 44,000 நிற்கிறது. அச்சுக்கூலி ஏற்கெனவே உங்கள் பணத்தில் கழிந்துவிட்டது. விற்காமல் மூட்டையாகக் கிடந்தாலும் அவர்களுக்கு நட்டமில்லை. நட்டமில்லாத சரக்கை விற்க யாரும் ஓடியாடப் போவதில்லை. இதில் எனக்குப் பெரிய வருத்தம் இதுதான், பணத்தைவிடவும் பெரிது.

பதிப்பகம் என்பது ஒரு எழுத்தை நம்பித் தன் காசை இறக்குகிற இடம். கைப்பிரதியைத் திருத்துவதும், நல்ல அட்டை போடுவதும், மதிப்புரைக்கு அனுப்புவதும், கடை கடையாகக் கொண்டுபோய் வைப்பதும் போட்ட காசை எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் காசு உங்களுடையது என்றால் பதிப்பாளர் நீங்கள்தான். அப்படியானால் அடித்த புத்தகம் அத்தனையும் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும், புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அச்சகத்து ரசீது உங்கள் பெயருக்கு வர வேண்டும். பணம் உங்களுடையது, உரிமை அவர்களுடையது என்கிற ஏற்பாட்டுக்குக் கூட்டு வெளியீடு என்று பெயர் வைத்தால் ஒத்துக்கொள்ள முடியாது.

காசு வாங்கிக்கொண்டு பக்கம் வடிவமைத்து, அச்சடித்து, மொத்தப் பிரதியையும் எழுதியவர் கையில் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நேர்மையான கூலி வேலை. உங்களிடம் பேசியவர் எந்த வகை என்று தெரிய வேண்டுமானால் மூன்று கேள்வி கேளுங்கள்: 300 பிரதியும் ஒரே தடவையில் அடிப்பீர்களா, அச்சக ரசீதின் நகல் தருவீர்களா, விற்காத பிரதிகளை ஒரு வருடம் கழித்து எனக்குத் திருப்பித் தருவீர்களா? இப்போது டிஜிட்டல் அச்சில் முப்பது, நாற்பது என்றுகூட அடித்துக்கொள்ளலாம். சொன்ன எண்ணிக்கையில் பாதிகூட அடிக்காமல் காலம் தள்ளியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘நூலக ஆணை வரும், போட்ட காசு வந்துவிடும்’ என்று சொன்னால் அதையும் நம்பி இறங்காதீர்கள். பொது நூலகங்களுக்கு எந்தப் புத்தகம் வாங்குவார்கள், எப்போது வாங்குவார்கள் என்று யாராலும் முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியாது.

சரி, நாவலுக்கு வருகிறேன். உங்கள் முதல் அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். வாய்க்காலில் நுரை ஒதுங்கி நிற்கிறது, அப்பா உள்ளங்கையில் தண்ணீரை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறார், துப்பாமல் அப்படியே நிற்கிறார், பையனைப் பார்த்து ‘பண்டம்பாடியை இந்தப் பக்கம் ஓட்டாதே’ என்று மட்டும் சொல்கிறார். அந்த ஒரு பக்கத்துக்காகவே இந்த நாவல் நல்ல கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இதை மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அடுத்த பக்கத்திலேயே ‘அவர் சொல்லொணா மன வேதனைக்கு ஆளானார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரைத் துப்பாமல் நின்ற மனிதரின் வேதனையை ஏற்கெனவே பார்த்துவிட்டோமே, திரும்ப எதற்கு? உங்கள் உரையாடலில் உயிர் இருக்கிறது. கதை சொல்லும் இடங்களில் மட்டும் பள்ளிக்கூடக் கட்டுரை வாசனை வருகிறது. அதற்காகக் கதை சொல்வதையும் கொங்குப் பேச்சில் மாற்றுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஆள் எழுதியது மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வட்டாரப் பேச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாற்றாதீர்கள். கீரனூர்க்காரரான ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-இல் வந்தது. கொங்குக் குடியானவர்களின் பேச்சோடு வந்த அந்த நாவலைத் தமிழ்நாடே இன்றுவரை படிக்கிறது, வட்டார நாவலின் தொடக்கம் என்றால் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். புரியாது என்கிற பயத்தில் நீங்கள் செய்திருக்கும் ஒரு காரியம்தான் படிக்கிறவரைத் தடுக்கிறது: ‘பொழுதோட (மாலையில்) வாரேன்’, ‘வெசனப்படாதே (வருத்தப்படாதே)’ என்று பேச்சுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதுகிறீர்கள். அந்த அம்மாள் பேசும்போது நடுவில் யாரோ ஆசிரியர் எழுந்து விளக்கம் சொல்கிற மாதிரி இருக்கிறது. அத்தனை அடைப்பையும் எடுத்துவிடுங்கள். ஒரு சொல் வருகிற இடத்தைப் பார்த்தே நெல்லைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் பொருளைப் பிடித்துக்கொள்வார்கள். எழுத்துக்கூட்டல் மட்டும் ஒரே மாதிரி இருக்கட்டும். ‘ஒறம்பரை’ என்பது உங்கள் முதல் அத்தியாயத்திலேயே மூன்று விதமாக வருகிறது. சந்தேகம் வந்தால் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்கிறது, பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2009 என்று கதைச் சுருக்கத்தில் இருக்கிறது. அது 2011 ஜனவரி. நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டியது என்பது சரியாக இருக்கிறது. உங்கள் கதையில் மூத்த பெண்ணின் கல்யாணமும் அந்த உத்தரவும் ஒரே மாதத்தில் வருவதால், இரண்டு வருடம் தள்ளினால் பெண்ணின் வயது, கடைசிப் பையனின் படிப்பு எல்லாம் நகரும். உட்கார்ந்து ஒரு தாளில் வருடவாரியாக எழுதிப் பார்த்துவிடுங்கள். நொய்யல் கதையை நொய்யல்கரைக்காரர்கள்தான் முதலில் படிப்பார்கள், வருடம் தப்பினால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். உண்மையான பட்டறைகளின் பெயர் எங்காவது இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

ஆக முதல் வேலை இன்னொரு திருத்தம். அப்புறம் சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள், ஒருவர் கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவராக இருந்தால் நல்லது. ‘நல்லா இருக்குதா?’ என்று கேட்காதீர்கள். ‘எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்து செலவு செய்தே ஆக வேண்டும் என்றால், அது பிரதியைத் திருத்திக்கொடுக்கிற ஒரு நல்ல ஆளுக்குப் போகட்டும். எனக்கு வேலை தேடி இதைச் சொல்லவில்லை; இங்கே கேள்வி அனுப்புகிறவர்களின் பிரதியை நான் கூலிக்கு எடுப்பதில்லை.

அடுத்தது பதிப்பகம். தமிழில் இலக்கிய முகவர் என்கிற வழக்கம் வேர்பிடிக்கவில்லை, எழுதியவரே நேரடியாக அனுப்பலாம். நமக்குப் பக்கத்திலேயே பொள்ளாச்சியில் எதிர் வெளியீடு இருக்கிறது. கோவையில் விஜயா பதிப்பகமும் விஷ்ணுபுரம் பதிப்பகமும் இருக்கின்றன. நாகர்கோவிலில் காலச்சுவடு, சென்னையில் இன்னும் பல. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அனுப்பாதீர்கள். உங்கள் நாவலுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கும் நாலைந்து நாவல்களை உங்கள் அலமாரியிலிருந்து எடுங்கள், அவற்றை யார் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கேதான் அனுப்ப வேண்டும். சுயமுன்னேற்ற நூலும் சமையல் குறிப்பும் மட்டுமே போடுகிற இடத்துக்கு நொய்யலை அனுப்பி என்ன பயன்?

எப்போது அனுப்புவது என்பதும் முக்கியம். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி ஜனவரியில் நடக்கிறது. அக்டோபர் தொடங்கி அது முடியும்வரை பதிப்பகத்தில் யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது, புதுப் பிரதி வந்தால் குவியலின் அடியில் போய்விடும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அனுப்பினால் படிக்க ஆள் இருப்பார்கள், பிடித்துப்போனால் அடுத்த ஜனவரிக்குள் புத்தகமாக்கவும் அவகாசம் இருக்கும். ஒரு பக்கக் கடிதம், முடிவையும் சேர்த்துச் சொல்கிற இரண்டு பக்கக் கதைச் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம். யூனிகோடில், வேர்டு கோப்பாகவும் பிடிஎஃப்பாகவும். முடிவை ஒளித்துவைத்து ‘நாவலைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டாம். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடத்துக்கு அனுப்பலாம், ஆனால் அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பதிப்பகம் எடுத்துக்கொண்டாலும் பெரிய பணத்தை எதிர்பார்க்காதீர்கள். வழக்கமாகப் பேசுவது விலையில் 10 சதவீதம். முன்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அடித்த இடத்தில் இப்போது முன்னூறு பிரதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனாலும் உங்கள் கைக்காசு போகாது. மேலும், இந்தப் பிரதியைப் பார்த்து ஒருவர் தன் பணத்தை வைக்கத் துணிந்தார் என்பது மதிப்புரை எழுதுகிறவரிடமும் கடைக்காரரிடமும் உங்களுக்கு முன்னாலேயே போய்ப் பேசும்.

ஒப்பந்தத்தில் கவனமாக இருங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி எழுதி முடித்த அன்றைக்கே உரிமை உங்களுடையது. வாழ்நாள் முழுக்கவும் அதற்குப் பின் 60 வருடமும் இருக்கும். பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்தப் பகுதி என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இருந்தாலும் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விடாமல், அச்சுப் புத்தகத்துக்கு மட்டும், இத்தனை வருடத்துக்கு என்று எழுதி வாங்குங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனிப் பேச்சு. ‘சகல உரிமைகளும்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அது எதற்கு என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை விற்பனைக் கணக்கு தர வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

கிண்டில் பற்றித் தம்பி சொல்வதில் தப்பில்லை, முன்பணம் தேவையில்லை. அமேசான் 35 அல்லது 70 சதவீதம் தருகிறது. ஆனால் இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் மின்னூலை அமேசானுக்கு மட்டுமே கொடுக்கிற கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் 90 நாளாக, அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது, பிரதிலிபியிலும்தான். அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை. பிரதிலிபியில் தினம் ஒரு அத்தியாயம் என்று போய்க்கொண்டிருக்கும் கதைகளுக்கு நிறைய வாசகர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடிய வேண்டும். உங்கள் நாவல் மெதுவாக உப்பேறுகிற கதை, துண்டு துண்டாக்கினால் தாங்காது என்பது என் அபிப்பிராயம். தவிர, எங்கும் வெளிவராத நாவல்தான் வேண்டும் என்று கேட்கிற போட்டிகளும் பதிப்பகங்களும் உண்டு. இணையத்தில் முழுசாகப் போட்டுவிட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். ஆகவே இது முதலில் செய்கிற வேலையாக வேண்டாம். வேண்டுமானால் தனியாக ஒரு சிறுகதை எழுதிப் போட்டுப் பாருங்கள், வாசகர் பழக்கமாவார்கள்.

பதிப்பகங்கள் எல்லாம் கைவிரித்துவிட்டால் நீங்களே அச்சிடுவது கெட்ட வழி இல்லை. அப்போதும் நகை வேண்டாம்; சேமிப்பில் போனால் போகட்டும் என்று எடுக்க முடிகிற தொகைக்குள் நிறுத்துங்கள். டெம்மி என்கிற, நாவல்களுக்கு வழக்கமான புத்தக அளவில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 250 சொல் பிடிக்கும். 64,000 சொல்லுக்கு 256 பக்கம், தலைப்புப் பக்கம், முன்னுரை சேர்த்தால் 272. பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு அச்சுத்தாள் மடிப்பை ஃபாரம் என்பார்கள், அப்படிப் பதினேழு. இதைச் சொல்லிக் கோவையில் ஒன்று, ஈரோட்டில் ஒன்று, சிவகாசியில் ஒன்று என மூன்று அச்சகத்தில் விலை கேளுங்கள், 50 பிரதிக்கும் 300 பிரதிக்கும் தனித்தனியாக. முதலில் ஐம்பது போதும். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் காசு இல்லை, ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறவரிடம் கொடுக்காதீர்கள். வடிவமைப்பாளர் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், மேற்கோள்குறி காணாமல் போகும். அதனால் கடைசிப் பிழைதிருத்தத்தைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்துப் பாருங்கள். புத்தகம் வந்த 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954-இன் சட்டம் சொல்கிறது. கடமை என்பதைவிட, உங்கள் புத்தகம் நூறு வருடம் கழித்தும் ஓரிடத்தில் இருக்கும் என்பதற்காகவே அனுப்புங்கள்.

விற்பனைதான் சிரமம். ஈரோடு புத்தகத் திருவிழாவை மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஆகஸ்டில் நடத்திவருகிறது, கூட்டம் அலைமோதும், உண்மைதான். ஆனால் ஒரே ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தனிக் கடை போட்டால் வாடகைக்குக் கட்டாது. அரங்கு எடுக்கிற விற்பனையாளர் யாரிடமாவது ஜூன் மாதமே பேசி, பத்துப் பிரதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விற்றதற்குக் காசு, விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஜூலையில் கோவை கொடிசியாவில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கும் இதே வழிதான்.

எட்டு மாதமாகப் பதில் சொல்லாத பதிப்பகத்தைப் பற்றிக் கோபம் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: ‘வணக்கம். இந்தத் தேதியில் இந்தத் தலைப்பில் நாவல் அனுப்பியிருந்தேன். பரிசீலனையில் இருந்தால் ஒரு வரி தெரிவிக்க வேண்டுகிறேன். 30 நாளுக்குள் பதில் இல்லையென்றால் பிரதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்கு அனுப்புவேன். நன்றி.’ அவ்வளவு போதும். அந்த 30 நாளில் அடைப்புக்குறிகளை எடுக்கவும், வருடக் கணக்கைச் சரிபார்க்கவும் ஆரம்பித்துவிடுங்கள். திருத்திய முதல் மூன்று அத்தியாயம் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அந்த அப்பா அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.